ஆயில் பிறக்கும் இடம்: கீழக்குயில்குடி முதல் அரிட்டாபட்டி வரை

புதன் இரவு, உசிலம்பட்டி

வண்டிக்கு அடியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஈரம். கீழக்குயில்குடி அய்யனார் கோயில் ஆலமர நிழலில் நிறுத்திவிட்டு, படியேறிப் பேச்சிப்பள்ளம் போய், பாறையில் வரிசையாக இருக்கும் தீர்த்தங்கரர்களையும் அவர்களுக்குக் கீழே வெட்டியிருக்கும் வட்டெழுத்தையும் பார்த்துவிட்டு இறங்கியபோதுதான் அது கண்ணில் பட்டது. சமணமலையைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. ஆனால் இன்றைக்கு மனசு அந்த ஈரத்தை விட்டு நகரவில்லை.

திட்டம் இதுதான்: தேனி ரோட்டைப் பிடித்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், வைகை அணை, பிறகு வத்தலக்குண்டு, திண்டுக்கல், சிறுமலை, நத்தம் வழியாக மதுரை. என்னுடையது 150 சிசி பைக், காற்றிலேயே குளிரும் இன்ஜின். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். கூட வரும் சேக்காளியின் வண்டிக்கு ரேடியேட்டர் உண்டு, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் உண்டு. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதால் ஈரம் யாருடையது என்பதே முதல் கேள்வியாகிவிட்டது.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்தேன். வழுவழுப்பு, பழுப்பேறிய கறுப்பு, லேசான கருகல் வாடை. இன்ஜின் ஆயில்தான். என் வண்டிதான்.

வண்டியிலிருந்து எது ஒழுகினாலும் "ஆயில் ஒழுகுது" என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஒவ்வொன்றுக்கும் நிறமும் வாடையும் வேறு. கூலன்ட் பச்சை, நீலம், ரோஸ் என்று ஏதாவது ஒரு சாயத்தோடு வரும், இனிப்பாக மணக்கும். பெட்ரோல் தரையில் நிற்காது, கறையை மட்டும் விட்டுவிட்டு ஆவியாகிவிடும். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் இருக்கும் ஆயில் மெல்லிசாக இருக்கும், பழசானால் சாம்பல் நிறமாகி நாறும். பிரேக் ஃப்ளூயிட் தெளிவாக, கொஞ்சம் மஞ்சளாக இருக்கும். அதில் டாட் 3, டாட் 4 என்ற இரண்டு வகையுமே தண்ணீரில் கரையும், பெயின்ட்டை உரிக்கும். கைப்பிடிக்குப் பக்கத்திலோ முன் சக்கரத்திலோ பெயின்ட் கொப்பளித்திருந்தால் அந்த வண்டியை அப்புறம் ஓட்டக் கூடாது. இன்ஜின் ஆயில் கசிந்தால் கொஞ்ச நேரம் யோசிக்க இடம் இருக்கிறது. பிரேக் ஃப்ளூயிட் கசிந்தால் இல்லை.

"ஹெட் பேக்கிங் போயிருச்சு மாப்ள. சூட்டுல அதான் முதல்ல போகும்," என்றான் சேக்காளி. இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டும் அதன் கீழே இருக்கும் சிலிண்டரும் சேரும் இடத்தில் வைக்கும் அடைப்பு அது.

"எங்கிருந்து வருதுன்னு தெரியாம எதைன்னு மாத்துறது மாப்ள?"

கிளம்புவதற்கு முன் பார்க்க வேண்டியவற்றைப் பார்த்தேன். பின் டயர் காய்ந்திருக்கிறதா? காய்ந்திருக்கிறது. ரிம்மில் சிதறல் இருக்கிறதா? செயினுக்குப் போட்ட ஸ்ப்ரே கோடு கோடாகத் தெறித்திருக்கிறது. அது பிசுபிசுவென்று ஒட்டும், ஆயில் அப்படி ஒட்டாது. அடுத்து அளவு. வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினைச் சில நிமிடம் ஓட விட்டு அணைத்து, ஆயில் அடியில் இறங்கும்வரை பொறுத்து, ஆயில் அளவு பார்க்கும் குச்சியைப் பார்த்தால் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது. என் வண்டியில் குச்சியைத் திருகாமல் வைத்துப் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் திருகிப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். அதைக் கையேட்டில் பார்த்துக்கொள்வது நல்லது. ஒரு மரை வித்தியாசமே அளவைப் பொய்யாகக் காட்டிவிடும்.

இந்த மாதிரி இன்ஜினில் மொத்தமே ஏறக்குறைய ஒரு லிட்டர்தான் ஆயில். கியர், கிளட்ச், பிஸ்டன் எல்லாம் அந்த ஒரு லிட்டரை நம்பித்தான் ஓடுகின்றன. காருக்குக் கால் லிட்டர் குறைந்தால் ஒன்றும் ஆகாது. இதற்கு அது பெரிய இழப்பு. அதனால் செக்கானூரணியில் ஒரு பாட்டில் ஆயில் வாங்கி வைத்துக்கொண்டேன். உள்ளே இருக்கும் அதே கிரேடு, டப்பாவில் ஜாசோ எம்ஏ என்று, பைக் ஆயிலுக்கான தரக் குறி போட்டிருப்பது. கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே சுழலும் வண்டிக்குக் கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்.

இப்போது லாட்ஜ் வாசலில் வண்டி சென்டர் ஸ்டாண்டில் நிற்கிறது. அடியில் இன்றைய தினசரியின் இரண்டு தாளை விரித்து, முன் டயரும் சென்டர் ஸ்டாண்டின் கால்களும் தொடும் இடத்தைப் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். சொட்டு எந்த இடத்தில் விழுந்தது என்பது அப்போதுதான் காலையில் தெரியும்.

வியாழன் மாலை, வைகை அணை

காலையில் தாளில் இருந்தது ஒரே ஒரு புள்ளி. மிளகு அளவு. நேற்று இரண்டு மணி நேரத்தில் காசு அளவு, ராத்திரி முழுக்க நின்றும் மிளகு அளவு.

அந்த வித்தியாசத்துக்கு அர்த்தம் உண்டு. நேற்று கோயிலடியில் சைடு ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தேன். சைடு ஸ்டாண்டில் வண்டி இடப்பக்கம் சாயும், உள்ளே இருக்கும் ஆயிலும் இடப்பக்கம் ஏறி நிற்கும். நேராக நிற்கும்போது ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்கிற ஏதோ ஒரு ஓட்டை, சாய்ந்தபோது ஆயிலுக்குள் முங்கிவிடுகிறது. போதாததற்கு நேற்று இன்ஜின் அப்போதுதான் ஓடி நின்றிருந்தது. சூட்டில் இளகிய ஆயில் எந்தச் சந்திலும் நுழையும். ஆக, கசிவு இடப்பக்கம்; ஆயில் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே. ஹெட் பேக்கிங் இவ்வளவு உயரத்தில் இருக்கிறது, நிறுத்தி வைத்த வண்டியில் அங்கே ஆயிலே நிற்காது.

பேனாக் கோட்டிலிருந்து அளந்து பார்த்தபோது புள்ளி, பழைய ஆயிலை வடிக்கத் திறக்கும் ட்ரெயின் போல்ட்டுக்கு நேர் கீழே. இங்கேதான் பலரும் போல்ட்டை இறுக்கப் போவார்கள். இன்ஜின் அடி அலுமினியம், போல்ட் இரும்பு. கோபத்தில் ஒரு சுற்று கூட்டினால் அலுமினிய மரை வழித்துக்கொண்டு வந்துவிடும். அதற்குப் பிறகு உண்மையிலேயே ஒழுகும். போல்ட் தலை இன்ஜினிலேயே தாழ்ந்த இடம், அதனால் மேலே எங்கே கசிந்தாலும் கடைசியில் அந்த நுனிக்கு வந்துதான் சொட்டாகும். துணியால் போல்ட்டைச் சுத்தமாகத் துடைத்து, வாஷர் விளிம்பைச் சுற்றி விரல் ஓட்டிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. மேலே இடப்பக்கச் சுவரில் மட்டும் ஈரமும் தூசியும் சேர்ந்து கறுத்த சேறாக ஒட்டியிருந்தது.

நிற்கும்போது ஆயில் மேலிருந்து கீழே இறங்கும். ஓடும்போது காற்று அதை முன்னாலிருந்து பின்னால் தள்ளும். எனவே நனைந்திருக்கும் இடங்களில் எது மேலே, எது முன்னே என்று தேடிப் போனால் அதுதான் ஊற்று. ஆனால் பல நாள் அழுக்கு எல்லாவற்றையும் ஒரே கறுப்பாக்கி வைத்திருக்கும்போது இந்த விதி உதவாது. கழுவாமல் கசிவைத் தேட முடியாது.

ஆண்டிபட்டிக் கணவாயில் நல்ல காற்று. அந்தப் பக்கம் இறங்கினால் மேற்குத் தொடர்ச்சி மலை எதிரே எழுந்து நிற்கிறது. ஆண்டிபட்டிக்குள் ரோட்டோரப் பட்டறை ஒன்றில் நிறுத்தினோம். பெரியவர் ஒருவர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு டிரம் பிளேட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஆயில் கசியுது. ரிப்பேர் இப்ப வேணாம். கழுவிக் காய வச்சு எங்கிருந்து வருதுன்னு பாக்கணும். கொஞ்சம் டீசலும் பிரஷ்ஷும் குடுத்தீங்கன்னா நானே கழுவிக்கிறேன்."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "வர்றவனெல்லாம் எதையாச்சும் மாத்துங்கிறான். நீ கழுவணும்ங்கிற. மொதல்ல சூடு ஆறட்டும் தம்பி. சூட்டோட தண்ணி பட்டா ஆகாது."

ஆறிய பிறகு டீசல் தொட்டுப் பிரஷ்ஷால் இன்ஜின் முழுக்கத் தேய்த்தோம். காற்றுத் தகடுகளின் இடுக்கு, டேப்பெட் கவர் ஓரம், ஹெட்டும் போரும் (சிலிண்டர்) சேரும் கோடு, போரும் இன்ஜின் பெட்டியும் சேரும் கோடு, மேக்னெட் கவர் ஓரம், வலப்பக்கம் கிளட்ச் கவர் ஓரம், கிக்கர் ஷாஃப்ட். பிறகு சோப்புத் தண்ணீர், அப்புறம் கம்ப்ரஸர் காற்று. காற்றை நேராக ஆயில் சீல் மேல், அதாவது சுழலும் ஷாஃப்ட்டைச் சுற்றி ஆயிலை அடைத்து நிற்கும் ரப்பர் வளையத்தின் மேல், அடிக்க விடாமல் பெரியவர் என் கையைத் தள்ளினார். தூசி உள்ளே போய்விடும் என்றார். பிரீதர் ஹோஸைக் கழற்றி ஊதிப் பார்க்கச் சொன்னதும் அவர்தான். பிஸ்டன் ஏறி இறங்கும்போது இன்ஜின் பெட்டிக்குள் அழுத்தம் கூடும். அது வெளியேறும் வழி அந்த ஹோஸ். அது மடங்கியிருந்தாலோ அடைத்திருந்தாலோ, அழுத்தம் இளைத்த சீலைப் பார்த்து ஆயிலைத் தள்ளிவிடும். சீலை எத்தனை மாற்றினாலும் மறுபடி ஒழுகும். என்னுடையதில் காற்று தாராளமாகப் போனது. ஆயில் அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலும் இதே கதைதான் நடக்கும். நேற்றே அளந்ததால் அந்தச் சந்தேகம் இல்லை.

காய்ந்ததும் பெட்டிக்கடையில் வாங்கிய முகப்பவுடரைத் தூவினேன். துணியில் முடிச்சுக் கட்டித் தட்டினால் மெல்லிய படலமாகப் படியும். ஒவ்வொரு சேர்மானக் கோட்டின் மேலும் வெள்ளை வெள்ளையாக இருந்தது. சைலன்சர் குழாயிலும் செயினிலும் படாமல் பார்த்துக்கொண்டேன். பெரியவர் டீசலுக்குக் காசு வாங்கவில்லை. இரண்டு டீ வாங்கிக் கொடுத்தோம், அதை மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஆண்டிபட்டியிலிருந்து அணைக்கு நேராக வராமல் சுற்றி வந்தோம். இன்ஜின் நன்றாகச் சூடேற வேண்டும், காற்று அடிக்க வேண்டும், கியர் எல்லாம் விழுந்து எழ வேண்டும். அணை பூங்கா வாசலில் நிறுத்திக் குனிந்து பார்த்தேன். டேப்பெட் கவர் ஓரம் வெள்ளை. ஹெட் கோடு வெள்ளை. போர் அடிக் கோடு வெள்ளை. மேக்னெட் கவரைச் சுற்றி ஒரு முழு வட்டம் வெள்ளை, எங்கும் ஒரு பொட்டுக்கூட நனையவில்லை. அதற்குப் பின்னால், செயினை இழுக்கும் பல்சக்கரமான சின்ன ஸ்ப்ராக்கெட்டை மூடும் கவரின் கீழ் விளிம்பில் பவுடர் ஈரமாகி, பழுப்பாகி, ஒரு நூல்போல ட்ரெயின் போல்ட் வரைக்கும் இறங்கியிருந்தது.

சேக்காளி நெடுநேரம் அந்தக் கோட்டையே பார்த்தான். "அப்ப ஹெட்டைக் கழட்டியிருந்தா?"

ஹெட்டைக் கழற்றியிருந்தால் பேக்கிங் செட், கூலி, ஒரு நாள் பொழுது எல்லாம் போய், அடுத்த நாள் காலையில் அதே இடத்தில் அதே சொட்டு விழுந்திருக்கும். நல்ல இன்ஜினைக் கழற்றிய பாவமும் சேர்ந்திருக்கும். பட்டறைகளில் இது அன்றாடம் நடக்கிறது, அதனால்தான் இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன்.

அணையைப் பற்றி இரண்டு வரி. 1959-இல் திறந்தது, 111 அடி உயரம், 71 அடி வரை தண்ணீர் தேக்கலாம். மதுரைக்காரன் குழாயைத் திறக்கும்போது வரும் தண்ணீரில் ஒரு பங்கு இங்கிருந்து வருவது. மாலை வெயிலில் நீர்ப்பரப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

வெள்ளி இரவு, வத்தலக்குண்டு

ஜெயமங்கலம் வழியாகத் தேவதானப்பட்டி வந்தோம். டீக்கடையில் ஒரு பால்காரர், கேன் கட்டிய வண்டியோடு. எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர் மெல்லக் கேட்டார்: "தம்பி, என் வண்டியில முன்னாடி ஒழுகுதே, அதையும் பாக்க முடியுமா?"

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஃபோர்க்கை நாலைந்து தடவை அமுக்கிவிடச் சொன்னேன். வலப்பக்கக் குழாயில், சீல் உரசும் உயரத்தில், வளையம்போல ஆயில் கோடு படிந்தது. ஃபோர்க் சீல்தான். குழாயில் துரு இருக்கிறதா, நகத்தில் சிக்கும் கீறல் இருக்கிறதா என்று சுற்றித் தடவினேன். இல்லை. அப்படியானால் சீல் கிழிந்திருக்க வேண்டும் என்று இல்லை. சீலின் உள் விளிம்பில், அதன் உதட்டில், மண் துகள் மாட்டியிருந்தாலும் இப்படிக் கசியும். கடைக்காரம்மாவிடம் பழைய எக்ஸ்ரே படம் ஒன்று இருந்தது. ஓரத்தில் நீளமாக ஒரு பட்டை வெட்டி, நுனியைக் கொக்கிபோலச் சீவிக்கொண்டேன். மேலே இருக்கும் தூசி ரப்பரை நெம்பித் தூக்கி, பட்டையைக் குழாய்க்கும் சீலுக்கும் நடுவில் நுழைத்து ஒரு சுற்று இழுத்தால், நுனியில் கறுத்த பசையோடு மண் வந்தது. துடைத்துவிட்டு மறுபடி ஒரு சுற்று.

"அண்ணே, இது நின்னுச்சுன்னா சரி. நாளைக்கும் கோடு விழுந்துச்சுன்னா சீலை மாத்திருங்க. தள்ளிப் போடாதீங்க. அந்த ஆயில் இறங்கி டிஸ்க்குல, பேடுல பட்டா முன் பிரேக் பிடிக்காது."

அவர் வண்டியில் டிஸ்க்கும் வலப்பக்கமே இருந்தது. பேடு இன்னும் நனையவில்லை. நல்லவேளை.

என் வண்டிக்கு வருகிறேன். வத்தலக்குண்டுக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில் ஸ்ப்ராக்கெட் கவரைக் கழற்றினேன். எட்டு எம்எம் போல்ட்டுகள், அவ்வளவுதான். உள்ளே செயின் கிரீஸும் மண்ணும் சேர்ந்து கெட்டியாகக் குழைந்து, ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றி எள்ளுருண்டைபோல் திரண்டிருந்தது. குச்சியால் சுரண்டிச் சுரண்டிக் கொட்டினேன். இந்த அழுக்கு வெறும் அசிங்கம் மட்டும் இல்லை. அதில் இருக்கும் மணல் சுழலும் ஷாஃப்ட்டோடு சேர்ந்து சீலின் உதட்டை அரைத்துக்கொண்டே இருக்கும். செயினுக்கு ஸ்ப்ரே போடுகிறவர்கள் எல்லாரும் இந்தக் கவருக்குள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது எட்டிப் பார்க்க வேண்டும்.

சுத்தமானதும் மூன்று சந்தேகங்கள் நின்றன. சின்ன ஸ்ப்ராக்கெட் மாட்டியிருக்கும் ஷாஃப்ட்டின் சீல். அதற்குப் பக்கத்தில் கியர் மிதி ஷாஃப்ட்டின் சீல். நியூட்ரல் விளக்குக்குப் போகும் சுவிட்சின் ஓ-ரிங், அதாவது ரப்பர் வளையம். மூன்றும் ஒரு கையகலத்துக்குள் இருக்கின்றன, எதில் கசிந்தாலும் வெளியே வரும் வழி ஒன்றுதான்.

மூன்றையும் துடைத்துக் காய வைத்து, முதலில் நியூட்ரலில் இன்ஜினை ஓட விட்டேன். நியூட்ரலில் ஸ்ப்ராக்கெட் ஷாஃப்ட் வேலை செய்யாது. கியர் ஷாஃப்ட்டிலும் சுவிட்சிலும் கசிவு இருந்தால் அப்போதே ஓரளவு தெரியலாம். பத்து நிமிடம் பார்த்தும் இரண்டும் உலர்ந்தே இருந்தன. அணைத்துவிட்டுக் கியர் மிதியை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தேன், அப்போதும் இல்லை. அடுத்து வண்டியைக் கியரில் போட்டு ஸ்டாண்டில் சக்கரத்தைச் சுற்ற விட்டுக் கிட்டே போய்ப் பார்க்கலாமே என்று சேக்காளி சொன்னான். வேண்டவே வேண்டாம் என்றேன். ஓடும் செயினுக்குப் பக்கத்தில் விரல் போனால் ஸ்ப்ராக்கெட் விரலைத் திருப்பித் தராது. துணி சிக்கினாலும் கையை இழுத்துக்கொண்டுதான் போகும். கவரை மாட்டி நிலக்கோட்டைப் பக்கம் ஒரு நடை போய் வந்து, அணைத்து, திரும்பவும் கழற்றினேன்.

இப்போது சாட்சி கிடைத்தது. கியர் ஷாஃப்ட் காய்ந்திருக்கிறது. சுவிட்ச் காய்ந்திருக்கிறது. ஸ்ப்ராக்கெட்டின் நடுவிலிருந்து பல்லை நோக்கிக் கதிர் கதிராக ஈரக் கோடு. சுழலும்போது சிதறிய ஆயில் அது. சீலுக்குக் கீழே ஒரு துளி திரண்டு நிற்கிறது.

சரி, சீல் ஏன் போனது? ஸ்ப்ராக்கெட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தேன். ஆட்டம் இருந்தால் உள்ளே பேரிங் போயிருக்கிறது. புது சீல் போட்டாலும் சில வாரம்தான் தாங்கும். ஆட்டம் இல்லை. செயினை அமுக்கினேன். கீழ்ப்பக்கம் நடுவில் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை ஆட வேண்டும் என்று பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்கிறது. ஆடியது 10 தான். கிளம்புவதற்கு முன் சர்வீஸ் விட்ட இடத்தில் செயினை இறுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். இறுக்கம் அதிகமானால், பள்ளத்தில் இறங்கிச் சக்கரம் மேலே வரும் ஒவ்வொரு தடவையும் செயின் ஷாஃப்ட்டைப் பின்னால் பிடித்து இழுக்கும். பேரிங்கும் சீலும் ஒரு பக்கமாகவே சுமை வாங்கும். ஏற்கெனவே மணலில் தேய்ந்த சீல் அதில் விட்டுக்கொடுத்திருக்கிறது. ஆக்சில் நட்டைத் தளர்த்தி 25-க்குக் கொண்டுவந்தேன். சக்கரத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, செயின் எங்கே அதிகம் இறுகுகிறதோ அங்கேதான் அளக்க வேண்டும்.

சிறுமலை போவதா வேண்டாமா என்று இரவு சாப்பாட்டின்போது பேசினோம். 18 கொண்டை ஊசி வளைவு. கசிவு இருக்கிற இடமோ பின் டயருக்கு நேர் முன்னால். இடப்பக்கம் சாய்த்துத் திருப்பும்போது ஒரு சொட்டு டயர் ஓரத்தில் பட்டால் போதும்.

"மெதுவா ஏறலாம் மாப்ள."

"ஏறிருவோம். எறங்கணும்ல."

நாளைக்கு மதுரை.

சனி இரவு, மதுரை

கொடைரோடு, வாடிப்பட்டி, சமயநல்லூர் வழியாக வீடு. நாலுவழிச் சாலையில் எழுத ஒன்றும் இல்லை. மூன்று இடத்தில் நிறுத்தி டயரையும் ஆயில் குச்சியையும் பார்த்துக்கொண்டே வந்தோம்.

செல்லூரில் நான் வழக்கமாகப் போகும் பட்டறைத் தம்பிக்கு என்னைவிட வயது குறைவு, கை நிதானம் அதிகம். கவரைத் திறந்து கதிர்க் கோட்டைக் காட்டியதும் அவன் கேட்ட முதல் கேள்வி: "அண்ணே, சீல் மட்டுமா, உள்ள ஓ-ரிங்கும் வாங்கிட்டீங்களா?"

இந்தக் கேள்விக்காகவே இன்றைய பதிவு. என் வண்டியில் சீலின் உதடு நேராக ஷாஃப்ட்டில் உரசாது. ஷாஃப்ட்டின் மேல் காலர் என்ற ஒரு சின்ன உலோக வளையம் மாட்டியிருக்கும், சீல் அதன் மேல்தான் உட்காரும். காலருக்கு உள்ளே, ஷாஃப்ட்டை ஒட்டி, ஒரு மெல்லிய ஓ-ரிங். ஆயில் வெளியே வர ஆக இரண்டு பாதை: காலருக்கு வெளியே சீல் வழியாக, காலருக்கு உள்ளே ஓ-ரிங்கைத் தாண்டி ஷாஃப்ட் பல் வழியாக. சீலை மட்டும் மாற்றிவிட்டு, "புது சீல் போட்டும் ஒழுகுதே" என்று அலைகிறவர்களில் பலருக்கு அந்த ஓ-ரிங்தான் காரணம். எல்லா வண்டியிலும் இப்படிக் காலர் இருக்காது, உதிரிபாகப் படத்தில் பார்த்துக்கொள்ளலாம். சில வண்டிகளில் சீலை வெளியிலிருந்து எடுக்கவே முடியாது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும். என்னுடையதில் வெளியிலிருந்தே வரும்.

பூட்டுத் தகட்டின் இரண்டு போல்ட், செயின், ஸ்ப்ராக்கெட், காலர் எல்லாம் வரிசையாக ஒரு துணியில் வந்து உட்கார்ந்தன. சீலின் இரும்பு முகத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூவை ஏற்றி, அதைக் குறட்டால் பிடித்து நேராக இழுத்தான். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பவில்லை. சீல் உட்காரும் குழியில் கீறல் விழுந்தால் புது சீலுக்கு வெளியே ஒரு வாய்க்கால் வெட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்றான்.

பழைய சீலைக் கையில் வாங்கிப் பார்த்தேன். புது சீலின் உதட்டை நகத்தால் அழுத்தினால் வளைந்து திரும்பி வருகிறது. இது வளையவில்லை, நகத்தில் டிக் என்று சத்தம் வந்தது. உதட்டின் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்து தட்டையாகியிருந்தது. செயின் இழுக்கும் திசை. ரப்பருக்குப் பின்னால் உதட்டை அணைத்துப் பிடிக்கும் நூல் போன்ற ஸ்பிரிங் முழுசாக இருந்தது. ஓ-ரிங்கோ வட்டத்தையே மறந்து, சதுரமாக அமுங்கிப் போயிருந்தது. காலரின் மேல் நகத்தை ஓட்டினேன். கோடு தெரிகிறது, நகம் சிக்கவில்லை. சிக்கியிருந்தால் காலரும் புதிது.

சீலில் மூன்று எண் அச்சடித்திருக்கும்: உள் விட்டம், வெளி விட்டம், தடிமன், எல்லாம் மில்லிமீட்டரில். பழையதில் 20, 34, 7. புதியதிலும் அதே. பெயரைச் சொல்லி வாங்கினாலும் கடையிலேயே இந்த மூன்று எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

மாட்டும்போது ஸ்பிரிங் இருக்கும் முகம் ஆயில் பக்கம், உள்ளே. உதட்டில் கிரீஸ் தடவினான், காய்ந்த ரப்பர் முதல் சுற்றிலேயே கருகிவிடும். ஷாஃப்ட் பல்லின் மேல் பாலிதீன் பையை இறுக்கிச் சுற்றிவிட்டுத்தான் ஓ-ரிங்கை ஏற்றினான். பல்லின் கூரான விளிம்பு புது ரப்பரை ஒரு நொடியில் வெட்டிவிடும். மாட்டி முடித்த பிறகு அது தெரியவே தெரியாது. சீலைச் சுத்தியலால் நேராகத் தட்டவில்லை. அதே விட்டத்தில் ஒரு சாக்கெட்டை வைத்து, சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டி, பழையது நின்ற ஆழம் வந்ததும் நிறுத்தினான்.

"கேஸ்கட் பசை வைக்கலியா?" என்றான் சேக்காளி.

"சீலுக்கு எதுக்குண்ணே? வெளிய வச்சா அப்பிக்கிட்டு நிக்கும். உள்ள போச்சுன்னா ஆயில் ஓட்டையை அடைக்கும்."

ஸ்ப்ராக்கெட் பல்லையும் பார்த்தோம், கொக்கியாகவில்லை. செயின் 25-இல். குறைந்த ஆயிலை ஊற்றி அளவைச் சரிசெய்தோம். ராத்திரிக்குத் தாள் விரித்தாயிற்று. இந்தத் தடவை வேண்டுமென்றே சைடு ஸ்டாண்டில் நிறுத்தியிருக்கிறேன்.

ஞாயிறு மாலை, அரிட்டாபட்டி

தாளில் ஒன்றும் இல்லை.

அதை மட்டும் வைத்துச் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது, இன்ஜின் ஆறிக் கிடந்தது. அதனால் காலையிலேயே மேக்னெட் கவருக்குப் பின்னாலும் ஸ்ப்ராக்கெட் கவர் அடியிலும் மறுபடி பவுடர் தூவிவிட்டு அழகர்கோவில் கிளம்பினோம். கோயில் தோசை, அந்த முறுகலும் மிளகுமாக, இரண்டு பேரும் ஆளுக்கொன்று. பிறகு மேலூர், அங்கிருந்து அரிட்டாபட்டி. போகும் வழியில் நாலாவது கியரில் இழுத்து, மூன்றாவதில் அடக்கி, குண்டும் குழியுமாக ஒரு கண்மாய்க்கரையிலும் ஓட்டினேன். செயின் துள்ளும் ரோட்டில்தான் இந்தச் சீலுக்குச் சோதனை.

அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்துச் சுமார் 193 ஹெக்டேர். குடைவரைச் சிவன் கோயில், தமிழ்ப் பிராமி எழுத்து, மகாவீரர் சிற்பம், மலையிடுக்குகளில் வல்லூறுகள். டங்ஸ்டன் சுரங்கத்துக்காக இந்தப் பக்கம் விட்ட ஏலத்தை எதிர்த்து ஊர் ஊராக மக்கள் திரண்டார்கள். 2025 ஜனவரியில் அது ரத்தானது. குன்றின் மேல் நின்று கண்மாய்களைப் பார்த்தால் ஏன் திரண்டார்கள் என்று விளங்கும்.

இறங்கி வந்து சைடு ஸ்டாண்டில் இரண்டு மணி நேரம் நின்ற வண்டிக்குக் கீழே குனிந்தேன். மண் காய்ந்திருக்கிறது. பவுடர் வெள்ளையாகவே இருக்கிறது. அங்கேயே கவரையும் கழற்றிப் பார்த்துவிட்டேன். சீலைச் சுற்றி உலர்ந்த அலுமினியம், காலரின் வாயில் மட்டும் மாட்டும்போது தடவிய கிரீஸ் மெல்லிய வளையமாக ஒதுங்கியிருக்கிறது. அது ஆயில் இல்லை. துடைத்துவிட்டேன், நூறு கிலோமீட்டர் போன பிறகு திரும்ப வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 500-இல் செயின் அளவு, ஆயில் அளவு, ஸ்ப்ராக்கெட்டின் ஆட்டம் மூன்றும் மறுபடி.

சிறுமலைக்கு அடுத்த சனிக்கிழமை விடியற்காலையில், நத்தம் வழியாகத் திண்டுக்கல் போய் ஏறுகிறோம். மலைவாழைப்பழம் வாங்கி வரச் சொல்லி வீட்டில் இப்போதே சொல்லிவிட்டார்கள்.